மூன்று கிடார், ஆறு கால், ஒரே தாளம்!

குட்டீஸ், இந்தக் கட்டுரையைப் படிப்பதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. வலது கையால் உங்கள் தலையில் மெல்லத் தட்டுங்கள். தட்டிக்கொண்டே இடது கையால் வயிற்றில் வட்டமாகத் தடவுங்கள். என்ன ஆச்சு? தட்டுகிற கை தடவ ஆரம்பித்துவிட்டதா? தடவுகிற கை தட்டுகிறதா? சிரிக்காதீர்கள், எல்லோருக்கும் முதலில் அப்படித்தான் ஆகும்.

சரி, இப்போது இரண்டு கைகளும் அவற்றின் வேலையைச் செய்துகொண்டே இருக்கட்டும். கூடவே எழுந்து நின்று இரண்டடி முன்னால், இரண்டடி பின்னால் நடங்கள். தலை சுற்றுகிறதா?

இப்படி ஒரு வேலையை ராத்திரி முழுக்க மேடையில் நின்று, நூற்றுக்கணக்கான ஜனங்கள் பார்க்க, பக்கத்தில் இருக்கும் இன்னும் இரண்டு பேரோடு ஒரே நேரத்தில், ஒரே மாதிரி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் கழுத்தில் மூன்றரை கிலோ கனமுள்ள கிடாரை மாட்டிக்கொண்டு! அவர்களுடைய கைகளும் கால்களும் சண்டை போடாமல் ஒத்துப்போவது எப்படி? வாருங்கள், பார்க்கலாம்.

அசலைப் போலவே ஒரு குழு

வெளிநாடுகளில் 'டிரிபியூட் பேண்ட்' என்று ஒருவகை இசைக்குழுக்கள் உண்டு. புகழ்பெற்ற ஏதாவது ஓர் இசைக்குழுவை எடுத்துக்கொள்வார்கள். அந்தக் குழுவின் பாட்டுகளை மட்டுமே வாசிப்பார்கள். வாசிப்பது மட்டுமல்ல, அசல் குழுவினர் போட்ட மாதிரி உடை, வைத்திருந்த மாதிரி முடி, பிடித்திருந்த மாதிரி கிடார் என்று எல்லாமே அச்சு அசலாக இருக்க வேண்டும். தங்களுக்குப் பிடித்த கலைஞர்களுக்கு ரசிகர்கள் செய்யும் மரியாதை அது.

இங்கிலாந்தின் 'பீட்டில்ஸ்' குழு 1970ல் பிரிந்துபோனது. அவர்களைப் போலவே வாசிக்க 1980ல் 'பூட்லெக் பீட்டில்ஸ்' என்ற குழு லண்டனில் உருவானது. ஸ்வீடன் நாட்டின் 'அப்பா' குழுவைப் போல வாசிக்க 1988ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 'பியோர்ன் அகெய்ன்' என்ற குழு பிறந்தது. ('அப்பா' என்பது நம்ம அப்பா இல்லை! அந்தக் குழுவின் நான்கு பேருடைய பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர்.)

இப்படிப்பட்ட குழுக்களில் பாட்டு சரியாக இருந்தால் மட்டும் போதாது. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ரசிகர் அசல் குழுவை நூறு தடவை பார்த்தவராக இருப்பார். எந்த இடத்தில் கால் தூக்குவார்கள், எந்த இடத்தில் திரும்புவார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். ஒருவர் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பினால் போதும், கடைசி வரிசைக்குக்கூடத் தெரிந்துவிடும்.

கிடார் வாசித்துக்கொண்டே ஒன்றாக நடப்பதற்குப் பேர்போன குழு ஒன்று உண்டு. அதன் பெயர் 'தி ஷேடோஸ்'. தமிழில் சொன்னால், 'நிழல்கள்'. அவர்களுடைய கதையைக் கேளுங்கள்.

இரண்டு பள்ளித் தோழர்கள்

இங்கிலாந்தின் வடகிழக்கில் நியூகாசில் என்று ஒரு நகரம். அங்கே ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த இரண்டு பையன்கள் ஹேங்க் மார்வின், புரூஸ் வெல்ச். இருவரும் 1941ஆம் ஆண்டில் சில நாட்கள் இடைவெளியில் பிறந்தவர்கள். ஹேங்க் அக்டோபர் 28, புரூஸ் நவம்பர் 2. இருவருக்கும் கிடார் என்றால் உயிர்.

1958ல், பதினாறு வயதில், இருவரும் கிடாரைத் தூக்கிக்கொண்டு லண்டனுக்கு வந்தார்கள். லண்டனின் சோஹோ பகுதியில் 'டூ ஐஸ்' என்று ஒரு சின்ன காபிக் கடை இருந்தது. இளம் பாடகர்கள் எல்லோரும் அங்கேதான் கூடுவார்கள். இவர்களும் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது கிளிஃப் ரிச்சர்ட் என்ற இளம் பாடகர் வேகமாகப் புகழ் பெற்று வந்தார். இவர் யார் தெரியுமா? 1940ல் நம் இந்தியாவின் லக்னோ நகரில் பிறந்தவர்! சுதந்திரம் வந்த அடுத்த வருடம், 1948ல், குடும்பத்தோடு கப்பலேறி இங்கிலாந்து போனவர். அவருடைய மேனேஜர் ஒரு நல்ல கிடார் கலைஞரைத் தேடி அந்தக் காபிக் கடைக்கு வந்தார். தேடி வந்த ஆள் அங்கே இல்லை. ஹேங்க் மார்வின்தான் இருந்தார். "எங்களோடு வாசிக்க வருகிறாயா?" என்று கேட்டார் மேனேஜர்.

பையில் காசில்லாத பதினாறு வயதுப் பையன். இப்படி ஒரு வாய்ப்பு இன்னொரு தடவை வருமா? ஆனாலும் ஹேங்க் ஒரு நிபந்தனை போட்டார். "என் நண்பன் புரூஸையும் சேர்த்துக்கொண்டால் வருகிறேன்" என்றார். மேனேஜரும் சரி என்றார். அந்த ஒரு வார்த்தையால்தான் பிற்காலத்தில் உலகமே பார்த்த ஜோடி உருவானது.

இவர்களோடு பேஸ் கிடார் வாசிக்க ஜெட் ஹாரிஸ், டிரம்ஸ் வாசிக்க டோனி மீஹன் சேர்ந்தார்கள். முதலில் குழுவுக்கு 'டிரிஃப்டர்ஸ்' என்று பெயர். அதே பெயரில் அமெரிக்காவில் ஏற்கெனவே ஒரு குழு இருந்ததால் சிக்கல் வந்தது. 1959ல் ஜெட் ஹாரிஸ் ஒரு யோசனை சொன்னார். பாடகர் வெளிச்சத்தில் நிற்கிறார், நாம் அவர் பின்னால் நிற்கிறோம், அப்படியானால் நாம் நிழல்கள்தானே? 'ஷேடோஸ்' என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

நிழல் முன்னால் வந்தது

1960ல் ஜெர்ரி லார்டன் என்ற இசையமைப்பாளர் இவர்களோடு ஒரு சுற்றுப்பயணத்தில் போனார். தான் எழுதிய ஒரு மெட்டைச் சின்னஞ்சிறு யுகுலேலேவில் வாசித்துக் காட்டினார். யுகுலேலே என்பது நான்கு தந்தி உள்ள, குட்டி கிடார் போன்ற வாத்தியம். அந்த மெட்டின் பெயர் 'அபாச்சி'. அதில் பாட்டு வரிகளே கிடையாது. வெறும் வாத்திய இசை. ஷேடோஸ் அதைப் பதிவு செய்தார்கள்.

அந்த வருடம் ஆகஸ்டில் 'அபாச்சி' பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. ஐந்து வாரங்கள் அங்கேயே இருந்தது. அதற்கு முன்னால் முதலிடத்தில் இருந்தது யாருடைய பாட்டு? கிளிஃப் ரிச்சர்டின் பாட்டு! தலைவரையே நிழல் முந்திவிட்டது! ஆனால் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. 'அபாச்சி' பதிவில் ஒரு சீன முரசைத் தட்டிக் கொடுத்தவரே கிளிஃப் ரிச்சர்ட்தான்.

இப்போது ஒரு கேள்வி வருகிறது. பாடகர் இருந்தால் ஜனங்கள் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். பாட்டே இல்லாத இசைக்கு மேடையில் எதைப் பார்ப்பது? நான்கு பேர் மரம் மாதிரி நின்று வாசித்தால் பார்ப்பவர்களுக்குக் கொட்டாவி வராதா?

இதற்கு விடை ஷேடோஸுக்கு முன்பே கிடைத்திருந்தது. 1958ல் அமெரிக்காவிலிருந்து 'ட்ரெனியர்ஸ்' என்ற கறுப்பினக் கலைஞர்களின் குழு பிரிட்டனுக்கு வந்தது. அவர்கள் வாசித்துக்கொண்டே, ஒன்றாக அசைந்து ஆடுவார்கள். மேடையே உயிரோடு எழுந்து வந்த மாதிரி இருக்கும். ஹேங்கும் புரூஸும் அதைப் பார்த்து, நாமும் இப்படிச் செய்தால் என்ன என்று யோசித்தார்கள். தங்களுக்கு ஏற்ற மாதிரி அதைச் சின்னதாக, நறுக்கென்று மாற்றிக்கொண்டார்கள். பிறந்தது 'ஷேடோஸ் நடை'!

அந்த நடை எப்படி இருக்கும்?

பெரிய குதியாட்டம் எல்லாம் இல்லை. மூன்று சின்ன எட்டு வைப்பார்கள். வைக்கும்போதே உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்புவார்கள். நான்காவது தாளத்துக்கு வலது குதிகாலைப் பின்னால் ஒரு சின்ன உதை. அவ்வளவுதான். ஒன்று, இரண்டு, மூன்று, உதை! மறுபடியும் ஒன்று, இரண்டு, மூன்று, உதை!

பூ, இவ்வளவுதானா என்கிறீர்களா? கால் மட்டும் என்றால் நீங்கள் ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்வீர்கள். ஆனால் கையில் கிடார் இருக்கிறதே!

கிடாரில் இரண்டு கைக்கும் வேறு வேறு வேலை. இடது கை விரல்கள் சரியான கட்டத்தில் தந்தியை அழுத்த வேண்டும். வலது கை 'பிக்' என்ற சின்னப் பிளாஸ்டிக் வில்லையால் தந்தியை மீட்ட வேண்டும். ஹேங்க் மார்வினுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அவர் வாசித்த ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் கிடாரில் ஒரு சின்னக் கம்பிப் பிடி இருக்கும். அதை மெல்ல அசைத்தால் சுரம் அலை மாதிரி நடுங்கும். மீட்டிக்கொண்டே அதையும் அசைக்க வேண்டும். அந்த சிவப்பு நிற கிடாரை 1959ல் அமெரிக்காவிலிருந்து வரவழைத்துக் கொடுத்தவரும் கிளிஃப் ரிச்சர்ட்தான்.

ஒரு கணக்குப் போடுவோமா? நிமிடத்துக்கு 120 தாளம் உள்ள ஓர் இசை. அது இரண்டரை நிமிடம் ஓடுகிறது என்றால் மொத்தம் 300 தாளம். ஒவ்வொரு தாளத்துக்கும் ஒரு அசைவு என்றால் 300 அசைவு. விரல்கள் ஒரு தாளத்துக்கு இரண்டு தடவை மீட்டினால் 600 மீட்டல். இரண்டும் முட்டிக்கொள்ளாமல் ஓட வேண்டும். இதை மூன்று பேர் ஒன்றாகச் செய்ய வேண்டும். அடேங்கப்பா!

நீங்கள்தான் புது ஆள்!

ஷேடோஸ் இசையை வாசிக்கும் ஒரு டிரிபியூட் பேண்டில் நீங்கள் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்குக் கிடார் நன்றாகவே வாசிக்க வரும். ஆனால் நடக்கச் சொன்னதும் விரல் நின்றுவிடுகிறது. விரலைக் கவனித்தால் கால் நின்றுவிடுகிறது. என்ன செய்வீர்கள்? இசைக் கலைஞர்கள் பின்பற்றும் வழி இதுதான்.

முதல் படி: கை மட்டும். மெட்டை உட்கார்ந்து வாசியுங்கள். தப்பில்லாமல் வருகிறதா? இப்போது கண்ணை மூடிக்கொண்டு வாசியுங்கள். வேறு யாரிடமாவது பேசிக்கொண்டே வாசியுங்கள். "இன்றைக்கு என்ன சாப்பிட்டாய்?" என்று யாராவது கேட்டால், "இட்லி" என்று பதில் சொல்லும்போதும் கை நிற்கக் கூடாது. அந்த அளவுக்குக் கை பழகிய பிறகுதான் காலைத் தொட வேண்டும்.

இரண்டாம் படி: கால் மட்டும். கிடாரைக் கீழே வைத்துவிடுங்கள். வாய்விட்டு எண்ணிக்கொண்டே நடையைப் பழகுங்கள். எண்ணுவது முக்கியம். மனதுக்குள் எண்ணினால் நமக்குத் தெரியாமலே வேகம் கூடிவிடும்.

மூன்றாம் படி: கிடாரை மாட்டிக்கொண்டு, வாசிக்காமல் நடங்கள். இது எதற்கு? கிடார் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம். அதை மாட்டியதும் உடம்பின் எடை ஒரு பக்கம் சாயும். திரும்பும்போது கிடாரும் ஊசலாடும். அந்தக் கனத்துக்கு உடம்பு பழக வேண்டும். தோள்வாரை எவ்வளவு நீளம் விடுவது என்பதும் இப்போதுதான் புரியும். ரொம்பத் தாழ்வாகத் தொங்கினால் முழங்காலில் இடிக்கும். ரொம்ப உயரமாக இருந்தால் கை மடங்கி வலிக்கும்.

நான்காம் படி: ஒரே ஒரு சுரம், கூடவே நடை. முழு மெட்டும் வேண்டாம். ஒரே தந்தியை ஒவ்வொரு தாளத்துக்கும் ஒருமுறை மீட்டிக்கொண்டே நடங்கள். 'மெட்ரோனோம்' என்ற தாளக் கருவியை நிமிடத்துக்கு 60 தாளம் என்று மெதுவாக வைத்துக்கொள்ளலாம். அதாவது கடிகாரத்தின் விநாடி முள் போகும் வேகம். அந்தக் கருவி இல்லையா? 'டிக் டிக்' சத்தம் வரும் சுவர்க் கடிகாரமே போதும்.

ஐந்தாம் படி: முழு மெட்டு, ஆமை வேகம். இங்கேதான் பலர் அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்கிறார்கள். மெதுவாகச் சரியாக வந்த பிறகு வேகத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். 60, பிறகு 66, பிறகு 72... தப்பு வந்தால் ஒரு படி இறங்குங்கள். வேகமாகத் தப்பாகப் பழகினால், கை அந்தத் தப்பையும் சேர்த்தே மனப்பாடம் செய்துவிடும். பிறகு அதை மறக்கடிப்பது இரட்டை வேலை.

ஆறாம் படி: தலை நிமிரட்டும். புது ஆட்கள் எல்லோரும் கிடாரையே குனிந்து பார்ப்பார்கள். குனிந்தால் பக்கத்தில் இருப்பவர் எப்போது திரும்புகிறார் என்று தெரியாது. கைபேசியில் படம் எடுத்துப் போட்டுப் பார்த்தால் யாருடைய குதிகால் பிந்துகிறது என்பது உடனே தெரியும். கண்ணாடி முன்னாலும் பழகலாம். ஆனால் கண்ணாடியில் இடமும் வலமும் மாறித் தெரியும், ஜாக்கிரதை!

மூளைக்குள்ளே என்ன நடக்கிறது?

சைக்கிள் கற்றுக்கொண்ட முதல் நாளை நினைத்துப் பாருங்கள். பெடல், ஹேண்டில்பார், பிரேக், எதிரே வரும் மாடு என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் யோசிக்க வேண்டியிருந்தது. பிறகு? நண்பனோடு கதை பேசிக்கொண்டே ஓட்டுகிறீர்கள்!

ஒரு வேலையைப் புதிதாகச் செய்யும்போது, மூளையின் முன்பகுதி ஒவ்வோர் அசைவையும் கவனித்துக் கட்டளை போடுகிறது. அதனால் ஒரே நேரத்தில் ஒன்றிரண்டு விஷயங்களைத்தான் கவனிக்க முடியும். அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால், அதன் பெரும்பங்கு பின்பக்கம் உள்ள சிறுமூளை போன்ற பகுதிகளுக்குப் போய்விடுகிறது. அவை நாம் யோசிக்காமலே அசைவுகளை ஓட்டிக்கொள்ளும். முன்பகுதிக்கு ஓய்வு கிடைக்கும். அது வேறு வேலையைக் கவனிக்கலாம்.

தலையில் தட்டி வயிற்றில் தடவும்போது கைகள் குழம்புவது ஏன்? நம் இரண்டு கைகளும் ஒரே மாதிரி அசையத்தான் விரும்பும். வெவ்வேறாக அசைய அவற்றுக்குத் தனியாகப் பழக்க வேண்டும். இதற்கு இசைக்கலைஞர்கள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். கை ஒரு வேலை, கால் ஒரு வேலை என்று இரண்டாகப் பார்க்க மாட்டார்கள். 'இந்தச் சுரம் வரும்போது இந்தக் கால்' என்று இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிடுவார்கள். அப்புறம் அது இரண்டு வேலை இல்லை, ஒரே வேலை!

அதனால்தான், "எனக்கு இது வரவே வராது" என்று முதல் நாளே சொல்லக் கூடாது. முதல் நாள் வராது என்பது உண்மை. அது உங்கள் குறை அல்ல. வேலை இன்னும் மூளையின் முன்பகுதியில் இருக்கிறது, அவ்வளவுதான்.

மூன்று பேர் சேரும்போது

தனியாக வந்துவிட்டது. இப்போது மற்றவர்களோடு சேர வேண்டும். இங்கே புதுப் பிரச்னைகள் காத்திருக்கின்றன.

முதல் பிரச்னை, கிடாரின் கழுத்து. வலது கைக்காரர்களின் கிடாரில் கழுத்து இடது பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். மூன்று பேரும் ஒன்றாகத் திரும்பினால் மூன்று கழுத்துகளும் ஒரே கோணத்தில் அழகாகச் சாயும். ஒருவர் மாறித் திரும்பினால்? பக்கத்தில் இருப்பவரின் தோளிலோ கிடாரிலோ 'டங்' என்று இடிக்கும். அதனால் ஒத்திகையின்போது அவரவர் நிற்கும் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்வார்கள்.

இரண்டாவது, வயர். மின்சார கிடாரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு வயர் போகும். அதைக் காலால் மிதித்துவிட்டுத் திரும்பினால் வயர் பிடுங்கிக்கொண்டு, சத்தமே நின்றுவிடும். இதற்கு ஓர் எளிய வழி உண்டு. வயரை நேராகக் கிடாரில் சொருகாமல், தோள்வாருக்கு உட்புறமாக ஒரு சுற்று விட்டுப் பிறகு சொருகுவார்கள். மிதித்தாலும் தோள்வார்தான் இழுபடும், வயர் கழன்று வராது. இப்போது வயர் இல்லாத கருவிகளும் உண்டு. ஷேடோஸ் ஆடிய 1960களில் வயர்தான்.

மூன்றாவது, சத்தத்தின் வேகம். இது பலருக்குத் தெரியாது. காற்றில் சத்தம் ஒரு விநாடிக்கு சுமார் 340 மீட்டர் தூரம் போகும். மேடையில் 17 மீட்டர் தள்ளி இருக்கும் டிரம்ஸின் சத்தம் உங்கள் காதுக்கு வந்து சேர ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு ஆகும். சின்ன நேரம்தான். ஆனால் ஒன்றாகக் காலை உதைக்க வேண்டியவர்களுக்கு அது பெரிய வித்தியாசம். அதனால் குழுவினர் நெருங்கி நிற்பார்கள். டிரம்ஸைக் காதால் கேட்பதோடு, பக்கத்தில் இருப்பவரின் தோளைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொள்வார்கள்.

தப்பு வந்தால்?

மேடையில் கால் மாறிவிட்டது. மற்ற இருவரும் இடது பக்கம், நீங்கள் மட்டும் வலது பக்கம். ஜனங்கள் பார்க்கிறார்கள். இதயம் படபடக்கிறது. இப்போது என்ன செய்வது?

அப்படியே நின்றுவிடலாம். அவசரமாக ஓடிப் பிடிக்கலாம். இரண்டுமே தப்பு! அவசரத்தில் பிடிக்கப் போனால் விரலும் தடுமாறும். கால் தப்பினால் பார்ப்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும். விரல் தப்பினால் எல்லோருக்கும் கேட்கும். எனவே சட்டம் இதுதான்: கால் போனால் போகட்டும், கையை விடாதே!

வாசித்துக்கொண்டே நின்ற இடத்தில் நில்லுங்கள். 'ஒன்று, இரண்டு, மூன்று, உதை' சுழற்சி எப்படியும் இரண்டு விநாடியில் மறுபடி 'ஒன்று'க்கு வரும். அந்த 'ஒன்று'க்காகக் காத்திருந்து, மெல்ல உள்ளே நுழைந்துவிடுங்கள். தப்பு செய்யாதவர் என்று மேடையில் யாரும் கிடையாது. தப்பிலிருந்து அமைதியாகத் திரும்பி வரத் தெரிந்தவரைத்தான் நல்ல கலைஞர் என்கிறோம்.

இதில் குழுவினருக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. ஒருவர் தடுமாறினால் மற்றவர்கள் முறைக்கக் கூடாது. சத்தமாக "ஒன்று!" என்று எண்ணிக் கொடுக்க வேண்டும். பயந்துபோன காலுக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

உங்களுக்குத் தெரியுமா?

* பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி இடது கைக்காரர். அவருடைய பேஸ் கிடாரின் கழுத்து வலது பக்கம் நீளும். வலது கைக்காரரான ஜார்ஜ் ஹாரிசனின் கிடார் இடது பக்கம் நீளும். அதனால் இருவரும் ஒரே மைக் முன்னால் நெருங்கி நின்று பாடினாலும் கிடார்கள் இடித்துக்கொள்ளாது! இந்தக் காட்சியை அப்படியே காட்டுவதற்காக, பீட்டில்ஸ் டிரிபியூட் பேண்டுகளில் வலது கைக்காரர்கள் சிலர் இடது கையால் வாசிக்கப் புதிதாகப் பழகியிருக்கிறார்கள்.

* அமெரிக்காவின் 'இசட் இசட் டாப்' குழுவின் பில்லி கிப்பன்ஸும் டஸ்டி ஹில்லும் நீண்ட தாடியோடு, ஒரே மாதிரி அசைந்து வாசிப்பார்கள். 2021ல் டஸ்டி ஹில் மறையும் வரை ஐம்பது வருடங்களுக்கு மேல் இருவரும் சேர்ந்தே வாசித்தார்கள்.

* சக் பெர்ரி என்ற அமெரிக்கக் கலைஞர் கிடார் வாசித்துக்கொண்டே முழங்காலை மடக்கி, ஒற்றைக் காலில் தத்தித் தத்திப் போவார். அதற்கு 'வாத்து நடை' என்றே பெயர்!

* 'குவீன்' குழுவின் பிரையன் மே, 'டயர் ஸ்ட்ரெய்ட்ஸ்' குழுவின் மார்க் நாஃப்ளர் ஆகியோர் ஹேங்க் மார்வினின் ரசிகர்கள். 1996ல் ஷேடோஸுக்கு மரியாதை செய்ய வெளிவந்த ஓர் இசைத் தொகுப்பில் இருவரும் வாசித்திருக்கிறார்கள்.

செய்து பாருங்கள்!

கிடார் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு ஸ்கேலோ, சின்னத் துடைப்பமோ போதும். (துடைப்பத்தை எடுப்பதற்கு முன்னால் அம்மாவிடம் கேட்டுவிடுங்கள்!)

1. ஒருவருக்கொருவர் ஒரு கை நீளத்துக்கு மேல் இடம் விட்டு வரிசையாக நில்லுங்கள். கீழே கல், வழுக்கும் தரை எதுவும் இருக்கக் கூடாது.

2. ஒருவர் சத்தமாக எண்ண வேண்டும். ஒன்று: வலது கால் முன்னால். இரண்டு: இடது கால் அதன் பக்கத்தில். மூன்று: வலது கால் பழைய இடத்துக்கு. நான்கு: இடது காலையும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, வலது குதிகாலைப் பின்னால் சின்னதாகத் தூக்குங்கள். இது நீங்கள் பழகுவதற்காக எளிமையாக்கிய நடை.

3. பத்துத் தடவை சரியாக வந்ததும் கைகளைச் சேருங்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு தடவை துடைப்பத்தை 'மீட்ட' வேண்டும்.

4. அதுவும் வந்ததும் இரண்டாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். இப்போது தெரியும் கஷ்டம்!

5. கடைசியாக, எண்ணுவதை நிறுத்திவிடுங்கள். ஒருவரையொருவர் நேராகப் பார்க்காமல் எத்தனை சுற்று ஒன்றாகப் போகிறீர்கள் என்று பாருங்கள்.

முதல் நாள் மூன்று சுற்று தாண்டினாலே சபாஷ்! ஒரு வாரம் கழித்து எத்தனை சுற்று வருகிறது என்று குறித்து வையுங்கள். வித்தியாசம் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

நிழல் மறையவில்லை

ஷேடோஸ் குழு 1968ல் பிரிந்தது, 1973ல் மறுபடி சேர்ந்தது, 1990ல் மீண்டும் நிறுத்தியது. 2004ல் ரசிகர்களுக்காக விடைபெறும் சுற்றுப்பயணம் போனார்கள். 2009லும் 2010லும் கிளிஃப் ரிச்சர்டோடு கடைசியாகச் சேர்ந்து வாசித்தார்கள். அப்போது ஹேங்குக்கும் புரூஸுக்கும் வயது 67க்கு மேல். மேடையில் கிடாரோடு இருவரும் நின்றார்கள். காபிக் கடையில் "என் நண்பனையும் சேர்த்துக்கொள்" என்று கேட்ட நாளிலிருந்து ஐம்பது வருடங்கள் ஓடியிருந்தன!

ஆரம்பகாலக் குழுவின் டோனி மீஹன் 2005லும், ஜெட் ஹாரிஸ் 2011லும் மறைந்துவிட்டார்கள். ஆனால் அந்த நடை நிற்கவில்லை. ஐரோப்பாவின் பல நாடுகளில் ஷேடோஸ் ரசிகர் மன்றங்கள் இருக்கின்றன. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தாத்தாக்கள் கிடாரை எடுத்துக்கொண்டு அங்கே கூடுகிறார்கள். மூன்று எட்டு, ஓர் உதை என்று புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். அந்த நடை அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களிடமிருந்து இரண்டு நியூகாசில் பையன்களுக்கு வந்தது. அவர்களிடமிருந்து உலகமெங்கும் உள்ள ரசிகர்களுக்குப் போனது. யாரும் அதைப் பெட்டியில் போட்டுப் பூட்டி வைக்கவில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர், ஒரு காலைப் பார்த்து இன்னொரு கால் என்று கற்றுக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

என்ன குட்டீஸ், துடைப்பம் தயாரா? நண்பர்களைக் கூப்பிடுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று... உதை!